சஹன் தட்டில் ஒரு கம்ப்யூட்டர்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். மரவள்ளி மூட்டை தூக்கித் தூக்கி விரல்கள் மரத்துப்போனதால் பேனா என் கையில் ஒழுங்காக நிற்காது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பதில் எனக்கு இன்றும் தகராறுதான். எங்கள் ஊர் வாசகசாலைத் தம்பிகள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். "உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரப் பத்தி எழுதுங்கண்ணா, தப்ப நாங்க பாத்துக்கறோம்" என்று அவர்கள் சொன்னதால் துணிந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. தங்கையிடம் சொன்னால் அடித்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் நான் ஒன்று சொல்ல, "அப்பிடி இல்லண்ணா, இப்பிடி" என்று அவள் வேறொன்று அடிப்பாள். அதனால் கையாலேயே எழுதுகிறேன்.

நான் எழுதப்போகிறவரை எல்லோரும் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் கள்ளக்குறிச்சியில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டதில்லை என்பதால் நானும் எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்தில் அவர் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு. பர்தாவின் கையை முழங்கை வரை மடித்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார். கழுத்தில் ஒரு நாடா, அதில் கடைச் சாவியும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் தொங்கும். யாராவது அவசரப்பட்டுப் பேசினால் அந்த ஸ்க்ரூ டிரைவரால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். பேசுகிறவர் தானாக நிறுத்திவிடுவார்.

அந்த மேசையின் மேல் ஒரு தட்டு இருந்தது. சாப்பாட்டுத் தட்டுதான். ஆனால் அதைத் தூக்க இரண்டு கைகளையும் அகல விரிக்க வேண்டும். ஈயம் பூசிய பழைய தட்டு. உள்ளே அளவாக ஓர் அட்டையை வெட்டிப் போட்டிருப்பார். வருகிறவர் கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், அவர் கேட்கிற சாமானை ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து எடுத்து அந்தத் தட்டில் வைப்பார். எல்லாச் சாமானும் தட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் விலைப் பேச்சு.

"எங்க ஊரு பரங்கிப்பேட்ட" என்று ஒருமுறை யாரிடமோ சொன்னார். "அங்க விருந்துன்னா நாலு பேருக்கு ஒரு தட்டு. சஹன்னு சொல்லுவோம். நடுவுல கறி. அவங்கவங்க எதிர்ல இருக்கறதத்தான் துன்னணும். அடுத்தவன் பக்கம் கைய வுட்டா ஊரே சிரிக்கும். கம்ப்யூட்டரும் அப்பிடித்தான். உள்ள அஞ்சாறு பேரு குந்திக்கினு இருக்காங்க. ஒருத்தன் மட்டும் வாரித் துன்னா மத்தவன் பட்டினி."

இதையெல்லாம் நான் கேட்டது கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. சாமான் வாங்கத்தான் போனேன். ஆனால் கேட்க வெட்கம். மரவள்ளி லோடு இறக்கிய அழுக்கு லுங்கியோடு கம்ப்யூட்டர் கடையில் என்னவென்று கேட்பது? முன்னால் யாராவது நின்றால் அவர் போகட்டும் என்று உட்காருவேன். அவர் போவதற்குள் இன்னொருவர் வந்துவிடுவார். நானும் எழுந்து பஸ் ஏறிவிடுவேன். இப்படிப் பல நாள் போனது. ஒருநாள் பாயம்மா ஸ்க்ரூ டிரைவரால் மேசையைத் தட்டினார்.

"ஏம்பா, தெனம் வந்து குந்திக்கினு போறியே. எதிர்க் கடைக்காரரு அனுப்பினாரா, வேவு பாக்க?"

"இல்லீங்க" என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் பார்த்தவற்றில் ஒன்று இது. பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன் ஒருவன் தகப்பனோடு வந்தான். தகப்பனார் தலையில் துண்டு கட்டிய விவசாயி. பையன் விளையாட்டுக்கென்று விலை கூடிய கார்டு ஒன்றைக் கேட்டான். பாயம்மா மறுக்கவில்லை. அதன் பெட்டியை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார். தகப்பனார் சொன்ன தொகையில் மீதிக்கு என்ன வருமோ அதையெல்லாம் சுற்றிலும் வைத்தார். எல்லாம் பொடிசு பொடிசாக இருந்தன.

"பாத்தியா? இவன் ஒருத்தனே கறி பூரா எடுத்துக்கினான். போர்டு வெறுஞ்சோறு துன்னுது. இதோ இந்த எஸ்.எம்.பி.எஸ். இருக்குதே, கரண்ட்ட வாங்கி எல்லாருக்கும் பிரிச்சிக் குடுக்கறவன், அவன் எலும்பு கடிக்கறான். ஒரு நாள் அவன் கோச்சிக்கினு எழுந்தான்னா மொத்த விருந்தும் போச்சி."

தகப்பனார் கடகடவென்று சிரித்தார். "எங்கூட்டுல மூத்தவனும் இப்பிடித்தாங்க பண்றான்" என்றார். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. தகப்பனை இழுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டான்.

பாயம்மாவின் கொழுந்தனார்தான் கடையில் பில் போடுபவர். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போவுது பாருங்கண்ணி, நல்ல வியாபாரம்."

"போவட்டும். அவரும் கட தொறந்து வெச்சிக்கினு குந்திக்கினுதான இருக்காரு."

"நாம கட நடத்தறமா, தர்காவுல கந்தூரிச் சோறு போடறமா?"

பாயம்மா தட்டிலிருந்த சாமானை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தார். கொழுந்தனார் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் வைக்கிற இரும்பு டப்பா மட்டும் எதிர்க் கடையில்தான் நன்றாக இருக்கும் என்று வாடிக்கையாளர்களை அவரே அங்கே அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். பக்ரீத் அன்று கறி பங்கு வைக்கும்போது எதிர்க் கடைக்காரர் வீட்டுக்கும் ஒரு பை போகும். வாசலில் தட்டி கட்டியது சம்பந்தமாக அந்த மனிதருக்கும் கொழுந்தனாருக்கும் போலீஸ் ஸ்டேஷன் வரை போன தகராறு இருந்தது. "தகராறு ரோட்டுல. கறி அடுப்புல" என்பாராம் பாயம்மா.

எல்லாவற்றையும் நான் ரசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஒருநாள் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்திருந்தார். வெள்ளிமலைக்கும் அப்பால் ஏதோ ஊர். தட்டு நிரம்பிய பிறகு அவரிடம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். பாயம்மா தலையசைத்தார். "உங்களுக்குக் கொறச்சா நேத்து இதே சாமான வாங்கினு போனவருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்த மனிதர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். திரும்பி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அன்று எனக்குப் பாயம்மாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் பெற்ற மகள் கல்லூரிக்கு நல்ல லேப்டாப் கேட்டபோதும் இதே நியாயம்தான் நடந்தது என்று கொழுந்தனார் ஒருமுறை புலம்பினார். கடை கூட்டுகிற அம்மாவின் மகளுக்கு எதைக் கொடுத்தாரோ, அதையேதான் தன் மகளுக்கும் கொடுத்தாராம். "நான் உம் பொண்ணும்மா" என்று அந்தப் பெண் அழுதிருக்கிறது. "அது அவ பொண்ணு" என்றாராம் பாயம்மா.

நான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

என் தங்கை பிளஸ் டூ வரை படித்தவள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. திரும்பி வந்துவிட்டாள். கள்ளக்குறிச்சியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துப் பக்கம் அமைக்கும் வேலை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எது வந்தாலும் அவள் கைதான். புருஷன் வீட்டார் மாதம் ஒரு முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தச் சம்பாத்தியம் இருந்தவரைக்கும் "வரமாட்டேன்" என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. அந்த வருடம் ஆனி மாதத்தில் பிரஸ்காரர் கடையைச் சின்னதாக்கி, உட்கார்ந்து வேலை செய்கிற மேசைகளை எடுத்துவிட்டார்.

"ஆடி முடியறதுக்குள்ள சொந்த மிஷின் வெச்சிக்கம்மா. ஆவணி முகூர்த்த வேல பூரா உனக்கே அனுப்பறேன். வூட்டுலயே செய். இல்லன்னா சின்னசேலத்துல ஒரு பொண்ணு கேட்டுக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு வந்த அன்று தங்கை சாப்பிடவில்லை. வாயாடி அவள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஏலச்சீட்டை நான் கழிவு போனாலும் பரவாயில்லை என்று தள்ளி எடுத்தேன். முப்பதாயிரத்துக்குச் சற்றுக் கம்மியாகக் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அதற்குத்தான் நான் அந்தப் பெஞ்சில் போய்ப் போய் உட்கார்ந்தது.

கடைசியில் ஆடி பிறந்த பிறகு தங்கையே என்னை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் பாயம்மா, "வேவு பாக்கறவரு இன்னிக்கி ஆளோட வந்துட்டாரு" என்றார்.

தங்கை நேராக விஷயத்துக்கு வந்தாள். "பெரிய ஸ்கிரீன் வேணும். பிராசசர் நல்லதா வேணும். ரேம் பதினாறு."

"எவ்ளோக்குள்ள?"

சொன்னாள். பாயம்மா ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தார். தட்டை அவளுக்கு முன்னால் தள்ளினார்.

அன்று அவர் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பிராசசரில் நடுத்தரமானதை எடுத்தார். படம் காட்டுகிற வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பதால் தனிக் கார்டு வேண்டாம் என்று ஒதுக்கினார். போர்டு புதிது. எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி. புதிது. ஸ்கிரீன் மட்டும் ஏதோ ஆபீஸில் மாற்றிய பழையதை வாங்கிக்கொள்ளச் சொன்னார். "பழசுன்னா பெருசா கெடைக்கும். டப்பாவும் பழசே போதும். வூட்டுக்கு வெளிய சுண்ணாம்பு அடிக்கலன்னா குடி முழுவிப்போவாது. உள்ள இருக்கறவங்கள நல்லா பாத்துக்க." பிறகு என்னைப் பார்த்தார். "உங்க ஊர்ல மோட்டாருக்கு மும்முன கரண்ட் வுடற நேரம் வூட்டுல பல்பு எப்பிடி எரியும்?"

நான் யோசித்தேன். "எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குங்க."

பாயம்மா சிரித்துவிட்டார். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் யூ.பி.எஸ். ஒன்றையும் எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டு நிரம்பிவிட்டது. ரேமுக்கு இருந்த இடம் கொஞ்சம்தான். எட்டு ஜி.பி. அட்டை ஒன்றை அங்கே செருகினார்.

"பதினாறு கேட்டேன்" என்றாள் தங்கை. வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேசை மாதிரிதான் ரேம், மேசை சின்னதானால் கை கட்டிப்போகும் என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"இன்னா வேல பண்ணுவ?"

"கல்யாண வேல."

"கல்யாணப் பத்திரிகைக்கு எட்டே ஜாஸ்தி பாப்பா. இன்னோரு ஸ்லாட்டு காலியா கெடக்கட்டும். கையில வந்தப்புறம் போட்டுக்க."

"பிரஸ்ல பதினாறுதான் வெச்சிருந்தாங்க."

"பிரஸ்காரரு சீட்டு தள்ளி எடுத்தா வாங்கினாரு?"

தங்கைக்குச் சுருக்கென்றது. நான்தான் உளறியிருக்கிறேன் என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஒருநாள் சீட்டு எடுத்ததைச் சொன்னேன், அது பாயம்மா காதில் விழுந்திருக்க வேண்டும். "உங்க தட்டுல எல்லாருக்கும் பங்கு வெக்கறீங்க. மிஷின்ல குந்தி வேல செய்யப் போறவ நானு. எனக்குப் பங்கு எது?" என்று கேட்டாள். பாயம்மா மேசையைத் தட்டவில்லை. "நல்லாத்தான் கேக்கற" என்றார். ஆனால் ரேமை மாற்றவில்லை.

மிஷின் வீட்டுக்கு வந்தது. எங்கள் தெருவில் முதல் கம்ப்யூட்டர். தங்கை அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். இரண்டு பத்திரிகை, ஒரு காதுகுத்து அட்டை எல்லாம் ஓட்டமாக ஓடின. தங்கை பாட்டுக்கூடப் பாடினாள். ஆடிக் கடைசி வாரத்தில் ஒரு காலை நேரம், பிரஸ்காரர் போனில் முதல் பெரிய வேலையை அனுப்பினார். களமருதூர்க் கல்யாணம். மண்டப வாசலில் கட்டுகிற பேனர். சாயங்காலத்துக்குள் அவர் கைக்கு வந்தாக வேண்டும். "இத நல்லபடியா முடிச்சிக் குடுத்தீன்னா ஆவணி பூரா உன்னுது. இல்லன்னா எனக்கு வேற வழி இல்லம்மா" என்றார்.

எங்கள் பக்கத்துக் கல்யாண பேனர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். சுற்றிலும் தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, மச்சான், பங்காளி, நண்பர்கள் என்று முகம் முகமாக இருக்கும். அந்த பேனரில் முப்பது முகத்துக்கு மேல். தங்கை ஒவ்வொரு முகமாக வெட்டி வைத்தாள். பாதிப் பேரை வைத்ததும் மிஷின் அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பெரியப்பா பாதி வந்தும் வராமலும் தொங்கினார்.

கடைக்கு போன் போட்டாள். கொழுந்தனார் எடுத்து, "அண்ணி வேலையா இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்று வைத்துவிட்டார். தங்கை ஸ்கிரீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "அவங்க ஊட்டுக்கே போயிடறண்ணா. எத்தினி நாளைக்கி நீயும் மூட்ட தூக்குவ" என்றாள். யார் வீடு என்று நான் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

கடையில் கூட்டம். எப்போதும் போல் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று பெஞ்சில் உட்காரவும் இல்லை. கூட்டத்தின் நடுவே போய் மேசைக்கு முன்னால் நின்றேன். பாயம்மா பார்த்தார்.

"இன்னாப்பா?"

"மொகம் ஜாஸ்தி ஆயிடுச்சிங்க" என்றேன்.

"இன்னா மொகம்?"

"கல்யாணத்து மொகம். முப்பது பேரு. பெரியப்பாகிட்ட நின்னுபோச்சி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொழுந்தனாரும் சிரித்தார். பாயம்மா சிரிக்கவில்லை. என்னை ஓரமாக உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"கல்யாண வேலன்னு அது சொன்னப்ப நான் எங்கூட்டு நிக்காஹ் பத்திரிகையத்தான் நெனச்சேன்" என்றார். "எங்கள்து எழுத்து மட்டும்தாம்பா. மேல பிஸ்மில்லா, கீழ வூட்டுப் பேரு. ஒரு மொகம் இருக்காது. அத வெச்சிக்கினு அந்தப் பொண்ணுக்குப் பங்கு போட்டுட்டேன். ரோடு பூரா பேனர பாத்துக்கினுதான் தெனம் கடைக்கு வர்றேன். தோணலையே."

தங்கைக்கும் தோன்றவில்லை. கல்யாண வேலை என்றாலே பேனரும் சேர்த்திதான் என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பேசி வேறு வேறு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அலமாரியில் அந்த வகை ரேம் இல்லை. சென்னையிலிருந்து பார்சல் வர இரண்டு நாள் ஆகும். பாயம்மா அலமாரியை மூடினார். பிறகு போய் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார். கழுத்திலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்.

"அண்ணி, இன்னா பண்றீங்க? பில்லு?"

"ரெண்டு நாளைக்கிக் கையால எழுது."

"நேரா நின்னு கேட்டவங்களுக்கே ஒரு ரூபா கொறைக்க மாட்டீங்க. இவருக்கு மட்டும் இன்னா?"

"இது கொறைக்கறது இல்ல. நான் தப்பா வெச்ச பங்கு" என்றார். ரேமை ஒரு காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வா, பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கிளம்பிவிட்டார். என் கையில் கொடுத்து அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவரே வருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் தெருவுக்குள் டவுன்காரர்கள் அதிகம் வருவதில்லை. பர்தா போட்ட அம்மா ஒருவர் என் பின்னால் நடந்து வருவதைப் பார்த்து எல்லா வாசலிலும் ஆள் நின்றது. தங்கை எழுந்து, உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தாள். பாயம்மா தரையிலேயே உட்கார்ந்து மிஷினைப் படுக்க வைத்தார். ரேமின் தங்கப் பல்லைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து, காலியாக இருந்த ஸ்லாட்டில் அழுத்தினார். "டக்" என்று ஒரு சத்தம்.

"போடு பாப்பா."

பேனர் திறந்தது. தொங்கிக்கொண்டிருந்த பெரியப்பா முழுசாக வந்தார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவரும் வந்தார். தங்கையின் கை மவுஸ்மேல் பறந்தது. பாயம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். கல்யாணத்துக்கே வந்தவர் மாதிரி ஒவ்வொருவராக விசாரித்தார்.

"இது யாரு?"

"மாப்பிள்ளையோட சித்தப்பா."

"இவரு மொகம் இன்னா, இம்மாத்தூண்டு இருக்குது? பக்கத்துல இருக்கறவரு பூசணிக்கா மாதிரி இருக்காரு. எல்லாரையும் ஒரே அளவா வையேன். பாவம் இல்ல?"

"ஐயோ பாயம்மா! அந்தப் பூசணிக்கா தாய்மாமன். அவரு மொகம் சின்னதாச்சின்னா சீர்வரிச அப்பிடியே வேன்ல திரும்பிப் போயிடும். கல்யாணமே நின்னுடும்."

பாயம்மா கொஞ்ச நேரம் அந்தத் தாய்மாமனையே பார்த்தார். "அப்ப தட்டுல ஒருத்தரு மட்டும் ஜாஸ்தி துன்னலாம்ன்ற."

"தாய்மாமன் துன்னலாம்."

"அந்தச் சித்தப்பா?"

"அவரு மொய்யே கம்மியாத்தான் வெப்பாரு. நீங்க பேசாம இருங்க."

பாயம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தங்கையும் சிரித்தாள். காலையில் அவள் சொன்ன வார்த்தை என் காதில் இருந்ததால் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வெயில் தாழ்வதற்குள் பேனர் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பிரஸ்காரரின் போன் வந்தது. தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். "நல்லா இருக்குதும்மா. ஊட்டுக்காரங்களுக்கே புடிச்சிப்போச்சி. நாளையிலேருந்து அனுப்பட்டா?" என்றார். தங்கை உடனே சரி என்று சொல்லவில்லை. "பேனருக்கு தனி ரேட்டு பேசணுங்க. மொகத்துக்கு இவ்வளவுன்னு" என்றாள். "மொகத்துக்கா?" என்று அவர் இழுத்தார். அப்புறம் அவர் சரி என்றார். புருஷன் வீட்டிலிருந்து அதற்குப் பிறகும் இரண்டு முறை ஆள் வந்தது. அவர்களைத் தங்கை வாசலிலேயே நிற்க வைத்து, "வேல இருக்குது, சட்டுனு சொல்லுங்க" என்று கேட்டு அனுப்பினாள். பார்சலில் ரேம் வந்ததும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, பாயம்மாவினுடையதைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது அந்தக் கடையைக் கொழுந்தனார் பார்க்கிறார். பாயம்மா மகள் வீட்டோடு போய்விட்டார். கடையில் தட்டு இல்லை.

பேனர் போன அன்று பாயம்மா உடனே கிளம்பவில்லை. தங்கை போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தார். பிறகு நான் நிற்கிற வாசல் பக்கம் பார்த்தார்.

"உங்கண்ணனுக்கு இதுல இன்னா செஞ்சி காட்டின?"

"அவரு கிட்டவே வர்றதில்ல பாயம்மா. தொட்டா ஷாக் அடிக்குமாம்."

"இன்னாப்பா, உனக்கு இதுல ஒண்ணும் வேணாவா?"

"ஒண்ணும் வேணாங்க."

"அப்பிடிச் சொல்லாத. கேளு."

நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விடுவதாக இல்லை. டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருப்பது போல் காத்திருந்தார்.

"எம்பேர பெரிசா பாக்கணுங்க" என்றேன்.

ரேஷன் கார்டிலும் ஓட்டு அட்டையிலும்தான் என் பெயரை நான் பார்த்திருக்கிறேன். அதில் எறும்பு ஊர்வது போல இருக்கும். தங்கை கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் மடமடவென்று அடித்தாள். "மாப்பிள்ள பேரு போடற எழுத்துலயே போடறண்ணா" என்றாள். சிவப்பு அட்டை, சுற்றிலும் பூங்கொடி, நடுவில் தங்க நிறத்தில் என் பெயர் வந்து நின்றது. இரண்டு கை அகலத்துக்கு நின்றது. எனக்கு நாற்பத்தைந்து வயது முடிந்திருந்தது, கல்யாணம் ஆகவில்லை. நான் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து அதைப் பார்த்தேன். பெயரில் இத்தனை வளைவுகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பாயம்மா கண்ணாடியைக் கழற்றி முக்காட்டில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, வாய்விட்டு ஒருமுறை படித்தார்.

"நடுவுல வெக்காத பாப்பா" என்றார். "கொஞ்சம் இந்தாண்ட தள்ளு. பக்கத்துல எடம் வுடு."

தங்கை சிரிக்கவில்லை. தள்ளினாள்.

எழுதி முடித்தது மாசி மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை.
நைனார்பாளையம்.